கொட்டேஷனில் ஃபீஸிபிலிட்டி எப்போது பார்ப்பது: விலை போகும் முன்பா, ஆர்டர் வந்த பிறகா?

கேட்டவர் கொழிஞ்சாம்பாறைக்காரத் தம்பி. கேரள எல்லைக்குள் கஞ்சிக்கோட்டில் ஆறு சி.என்.சி. லேத்தும் (கணினியில் ஓடும் கடைசல் மெஷின்) இரண்டு வி.எம்.சி.யும் (துளையிடவும் சீவவும் கணினியில் ஓடும் மெஷின்) வைத்து மெஷினிங் ஷாப் நடத்துகிறார். அவர் கேள்வி சுருக்கமாக இது: "அண்ணா, என்கொயரி வந்ததும் விலையைப் போட்டு அனுப்பிவிடுகிறோம். பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) கைக்கு வந்த பிறகுதான் ஃபீஸிபிலிட்டி ஃபார்மை, அதாவது கேட்டதை நம்மால் செய்ய முடியுமா என்று பார்க்கும் தாளை, நிரப்புகிறோம். பத்து என்கொயரி வந்தால் இரண்டுதான் ஆர்டராகிறது. எல்லாவற்றுக்கும் ஆளை உட்கார வைத்தால் வேலை எப்படி ஓடும்? ஆடிட்டரோ இது தப்பு என்கிறார். இப்போது ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனி, ஜிங்க் பிளேட்டிங் (துத்தநாகப் பூச்சு) செய்த இ.என். 8 (நடுத்தரக் கார்பன் எஃகு) ஃபிளேஞ்ச் (பாகங்களை இணைக்கும், நடுவில் துளையுள்ள தட்டு) ஒன்றுக்கு மூன்று நாளில் விலை கேட்கிறது. மாதம் 4000 பீஸ். எந்தக் கட்டத்தில் பார்ப்பது சரி?"

ஆடிட்டர் சொல்வது சரிதான் தம்பி. விலை உங்கள் கையை விட்டுப் போகும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஆனால் எல்லா என்கொயரிக்கும் ஒரே ஆழத்தில் பார்க்கச் சொல்லி எந்தத் தர விதியும் கேட்கவில்லை. ஃபீஸிபிலிட்டி என்றாலே நாலு பேர் அரை நாள் உட்கார்ந்து ஃபார்ம் நிரப்புவது என்று வைத்துக்கொண்டதால்தான் அது தள்ளித் தள்ளிப் போய் பி.ஓ.வுக்குப் பின்னால் நிற்கிறது. அந்த நேரத்தில் விலை போயிருக்கும், தேதி சொல்லியாகியிருக்கும், பார்ட்டியும் ஆர்டர் போட்டிருப்பார். அப்போது "இது நம்மால் ஆகாது" என்று எழுத யாருக்கும் கை வராது. எல்லாக் கேள்விக்கும் "ஆம்" என்று டிக் போட்டு ஃபைலில் சேர்ப்பார்கள். முடிவு எடுத்த பிறகு நிரப்பிய ஃபார்ம் என்பது ஆடிட்டருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஃபார்மின் தேதியையும் கொட்டேஷன் தேதியையும் பக்கத்தில் வைத்தாலே போதும்.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001:2015-இன் 8.2.3 பிரிவு, வாடிக்கையாளருக்குப் பொருள் தருவதாக வாக்குக் கொடுக்கும் முன்பே தேவைகளை ஆராய வேண்டும் என்கிறது. பார்ட்டி சொன்ன தேவைகள், அவர் சொல்லாவிட்டாலும் அந்தப் பொருள் அதன் பயன்பாட்டில் வேலை செய்ய அவசியமானவை, சட்டம் கேட்பவை, நீங்களே வைத்திருக்கும் தேவைகள், முன்பு பேசியதற்கும் ஆர்டரில் வந்ததற்கும் உள்ள வித்தியாசம், எல்லாம் அதில் அடக்கம். பார்த்ததற்குப் பதிவும் இருக்க வேண்டும். வாகனத் தொழிலுக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949:2016-இல் 8.2.3.1.3 என்று தனியாகவே ஒரு பிரிவு இருக்கிறது. பார்ட்டி கேட்கும் பொறியியல் தேவையையும் உற்பத்தி எண்ணிக்கையையும் உங்கள் புராசஸ் தொடர்ந்து தர முடியுமா என்று பல துறை ஆட்கள் சேர்ந்து ஆராயச் சொல்கிறது அது. உங்களுக்குப் புதிதான எந்தத் தொழில்நுட்பத்துக்கும், மாறிய எந்த புராசஸுக்கும், மாறிய எந்த டிசைனுக்கும் இதைச் செய்தாக வேண்டும். உங்களிடம் இப்போது 9001 சான்றிதழ் மட்டும்தான் என்றாலும், ஓசூர் பார்ட்டி இதைக் கேட்பார் என்று எதிர்பார்த்துத் தயாராக இருங்கள்.

வாக்கு எந்த நிமிடத்தில் வாக்காகிறது என்பதில்தான் பல பேருக்குக் குழப்பம். பி.ஓ. வந்தால்தான் பொறுப்பு என்று நினைக்கிறார்கள். நீங்கள் பார்ட், விலை, எண்ணிக்கை, தேதி எல்லாம் போட்டு, இத்தனை நாள் வரை செல்லும் என்று கையெழுத்திட்டுக் கொடுத்த கொட்டேஷன், எழுதிய விதத்தைப் பொறுத்து 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி முன்மொழிவாகவே ஆகலாம். பார்ட்டி அதை அப்படியே ஏற்றால் ஒப்பந்தம் முடிந்தது. ஏற்கும் முன்பு திரும்பப் பெற 5-ஆம் பிரிவு இடம் தருகிறது, ஏற்ற பிறகு வழியில்லை. சட்டத்தை விடுங்கள், தொழிலில் பேர் கெடுவதற்கு அதெல்லாம் தேவையே இல்லை. விலை சொல்லிவிட்டுப் பின்வாங்கும் சப்ளையரை பர்ச்சேஸ்காரர்கள் நன்றாக ஞாபகம் வைத்திருப்பார்கள்.

சரி, நேரம் எங்கே என்ற கேள்விக்கு வருவோம். என்கொயரி வந்த அன்றே ஒரு சல்லடை போடுங்கள். கால் மணி நேரம் போதும். ட்ராயிங் முழுதாக இருக்கிறதா, ரிவிஷன் எண் இருக்கிறதா, மெட்டீரியல் நாம் வாங்கிப் பழகியதா, நம் சக்குக்கும் (பீஸைக் கவ்விப் பிடிப்பது) டேபிளுக்கும் அடங்குகிறதா, இறுக்கமான டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) எது, வெளியில் கொடுக்க வேண்டிய வேலை என்ன, மாதத்துக்கு எத்தனை, எப்போது வேண்டும். இதை மார்க்கெட்டிங் பார்க்கும் ஆள் தனியாகச் செய்யக் கூடாது, மெஷின் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகாத ஜாப் என்றால் அன்றைக்கே "மன்னிக்கவும், எங்களிடம் வசதி இல்லை" என்று காரணத்தோடு பதில் போட்டுவிடுங்கள். பத்தில் எட்டு ஆர்டராவதில்லை என்று வருத்தப்பட்டீர்கள். அந்த எட்டில் சிலவற்றுக்கு நீங்கள் விலையே போட்டிருக்கத் தேவையில்லை என்பது இந்தச் சல்லடையில் தெரியும். அதில் மிச்சமாகும் நேரம்தான் மீதி ஜாப்களை ஆழமாகப் பார்ப்பதற்கான நேரம்.

சல்லடையில் தேறியவற்றில் இரண்டு வகை உண்டு. நீங்கள் ஏற்கெனவே ஓட்டும் ஜாப்பின் தம்பி மாதிரியான பார்ட் ஒன்று: அதே மெட்டீரியல், அதே செட்டப், நீளம் மட்டும் ஐந்து மில்லிமீட்டர் கூட. இதற்குப் பழைய ஜாப்பின் ரிஜெக்ஷன் பதிவையும் உண்மையான சைக்கிள் டைமையும் எடுத்து வைத்து, எது வேறுபடுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும், அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். இன்னொன்று புதுசு. புது மெட்டீரியல், புது புராசஸ், இதுவரை பிடித்திராத டாலரன்ஸ், அல்லது இதுவரை ஓட்டாத எண்ணிக்கை, இவற்றில் ஒன்று இருந்தாலும் சரி. அதற்கு விலை போகும் முன் முழுதாக உட்கார்ந்தே ஆக வேண்டும். உங்கள் ஃபிளேஞ்ச் இந்த இரண்டாம் வகை.

ஏன் என்று ட்ராயிங்கில் ஒரே ஒரு இடத்தை வைத்துக் காட்டுகிறேன். நீங்கள் அனுப்பிய விவரப்படி நடு போர் (நடுத் துளை) 25 எச் 7. எச் 7 என்பது துளைக்கான டாலரன்ஸ் தரம். அதாவது 25.000-இலிருந்து 25.021 மில்லிமீட்டர் வரை, 21 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடம். உங்கள் வி.எம்.சி.யில் ஃபைன் போரிங் ஹெட் போட்டால் பிடித்துவிடலாம், இதில் என்ன புதுசு என்று தோன்றும். ஆனால் ட்ராயிங்கின் கீழே குறிப்பில் ஜிங்க் பிளேட்டிங் 8 முதல் 12 மைக்ரான் என்றும், எல்லா அளவும் பிளேட்டிங்குக்குப் பிறகு என்றும் போட்டிருக்கிறது. பிளேட்டிங் போரின் இரு பக்கமும் ஏறும். ஆகவே விட்டம் 16 முதல் 24 மைக்ரான் வரை குறையும். பிளேட்டிங்குக்கு அப்புறமும் 25.000-க்குக் கீழே போகக் கூடாது என்றால் மெஷினில் குறைந்தது 25.024 இருக்க வேண்டும். 25.021-ஐத் தாண்டக் கூடாது என்றால் மெஷினில் அதிகபட்சம் 25.037. உங்கள் கையில் மிஞ்சுவது 13 மைக்ரான். இந்த அளவுக்கு அது எச் 6 தரம், எச் 7-ஐவிட ஒரு படி இறுக்கம். எச் 7 என்று நினைத்து விலை போட்ட ஜாப், ஷாப்புக்குள் வரும்போது எச் 6 ஆகிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. 1.33 சி.பி.கே. (புராசஸ் டாலரன்ஸுக்குள் எவ்வளவு பத்திரமாக நிற்கிறது என்று காட்டும் எண்) கேட்டால், 13 மைக்ரானை எட்டால் வகுக்க வேண்டும். உங்கள் புராசஸின் சிக்மா (பீஸுக்குப் பீஸ் அளவு சிதறுவதன் கணக்கு) 1.6 மைக்ரானுக்குள் நிற்க வேண்டும், அதுவும் சராசரி நட்ட நடுவில் இருந்தால்தான். சாம்பிள் சமர்ப்பிக்கும்போது 1.67 கேட்பது வாகனத் தொழிலில் வழக்கம். அதற்கு 1.3 மைக்ரான். போரிங்கோடு முடிகிற வேலையாக இது எனக்குத் தெரியவில்லை, ஹோனிங் (துளையைக் கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது) தேவைப்படும். அப்புறம், பிளேட்டர் சொல்லும் 8 முதல் 12 என்பது வெளிப்பரப்பில் எடுத்த அளவு. போருக்குள் மின்னோட்டம் சமமாகப் பாயாது. வாயில் ஒரு தடிமன், உள்ளே குறைந்த தடிமன் என்று வரும். அப்படியானால் அந்த 13 மைக்ரானும் முழுதாகக் கிடைக்காது.

இதை அளப்பது எப்படி? அளக்கும் கருவி டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையாவது பிரித்துக் காட்ட வேண்டும் என்பது பழைய கணக்கு. 13 மைக்ரானுக்கு ஒரு மைக்ரான் காட்டும் டயல் போர் கேஜ் அல்லது ஏர் கேஜ் (காற்றை வைத்துத் துளையை அளப்பது) வேண்டும். பத்து மைக்ரான் டயலை வைத்துக்கொண்டு இந்த ஜாப்புக்குள் போகக் கூடாது. கேஜ் ஆர் அண்டு ஆர் (அளப்பதில் கருவியாலும் ஆளாலும் வரும் சிதறல்) பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, முப்பதைத் தாண்டினால் அந்த அளவை நம்பவே முடியாது. பாலக்காட்டு வெயிலையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மெஷினிலிருந்து சூடாக எடுத்த பீஸுக்கும் மாஸ்டர் ரிங்குக்கும் (கேஜுக்கு அளவு வைக்கும் வளையம்) பத்து டிகிரி வித்தியாசம் இருந்தால், 25 மில்லிமீட்டர் இரும்பில் அது கிட்டத்தட்ட மூன்று மைக்ரான். 13-இல் மூன்று என்பது நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆறவைத்து அளக்க இடமும் நேரமும் விலையில் இருக்க வேண்டும்.

ஒரு போரிலிருந்து இத்தனை விஷயம் கிளம்புகிறது. இவை எதுவும் பி.ஓ. வந்த பிறகு கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. ட்ராயிங்கில் முதல் நாளே இருந்தவை. விலை கொடுக்கும் முன்பு கண்டுபிடித்தால் உங்கள் கையில் நாலு வழி இருக்கிறது. அளவை பிளேட்டிங்குக்கு முன்பு என்று மாற்ற முடியுமா என்று கேட்கலாம். போரை மாஸ்க் செய்து பிளேட்டிங் இல்லாமல் விட்டு, துருத் தடுப்பு எண்ணெய் பூசித் தருகிறோம் என்று சொல்லலாம். அந்த போரில் என்ன உட்காருகிறது என்று விசாரித்து எச் 8 போதுமா என்று பார்க்கலாம். எதுவும் ஆகாது என்றால் ஹோனிங்குக்கும் கேஜுக்கும் சேர்த்து விலை போடலாம். டிசைன்காரர்கள் பல சமயம் முதல் கேள்விக்கே ஒத்துக்கொள்வார்கள். ஏனென்றால் அந்தக் குறிப்பு வேறு ட்ராயிங்கிலிருந்து அப்படியே நகலெடுத்ததாக இருக்கும். விலை கொடுத்த பிறகு அதே கேள்வியைக் கேட்டால் "இதைப் பார்த்துத்தானே விலை கொடுத்தீர்கள்?" என்பார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

அடுத்து எண்ணிக்கை. டாலரன்ஸை மட்டும் பார்த்துவிட்டு எண்ணிக்கையை விட்டுவிடுவது இந்தத் தடத்தில் நான் அடிக்கடி பார்ப்பது. இந்த ஃபிளேஞ்சுக்கு வி.எம்.சி.யில் ஏழு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஷிஃப்டில் கையில் கிடைப்பது 15 மணி நேரம், 900 நிமிடம். டூல் மாற்றுவது, செட்டிங், கரண்ட் எல்லாம் கழித்து எண்பது சதவீதம் ஓடினால் 720 நிமிடம். ஒரு மெஷினில் நாளைக்கு 102 பீஸ், 25 நாளில் 2550. இரண்டு மெஷினுக்கும் 5100. கேட்பது 4000தானே, தாராளமாக ஆகும் என்று தலையாட்டத் தோன்றும். ஆனால் ஒரு மெஷின் முழுதாகவும் இன்னொன்று பாதியும் ஏற்கெனவே வேறு ஜாப்பில் ஓடுகிறது என்றால், உங்களுக்கு மிச்சம் 1275 மட்டுமே. 4000-க்கு வாக்குக் கொடுத்தால் மூன்றாம் ஷிஃப்டும் புது மெஷினும் கணக்கில் வர வேண்டும். மெஷின் ஆர்டர் போட்டு வந்து இறங்க ஆகும் மாதங்கள் டெலிவரி தேதியில் இருக்க வேண்டும், அதன் தேய்மானம் விலையில் இருக்க வேண்டும். மெஷினின் மொத்தத் திறனை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், மிச்சத்தை வைத்துப் போடுங்கள்.

எல்லையில் தொழில் செய்கிறவர்களுக்கு இதில் கூடுதலாகச் சில விஷயங்கள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் உட்கார்ந்திருப்பவருக்கு இவை தோன்றவே தோன்றாது. பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மெண்ட், ஹோனிங் என்று நம் பக்கத்து ஷாப்கள் நிறைய வேலையை கோயம்புத்தூருக்குத்தான் அனுப்புகின்றன. நாற்பது கிலோமீட்டர் சுற்றுவட்டம்தான், ஆனால் நடுவில் வாளையாறு எல்லை இருக்கிறது, ஜி.எஸ்.டி. கணக்கில் அது வேறு மாநிலம். கேரளத்துக்குள் 50,000 ரூபாய்க்குக் கீழான சரக்குக்கு இருக்கும் இ-வே பில் (சரக்கு ஏற்றிப் போவதற்கான ஜி.எஸ்.டி. ஆவணம்) விலக்கு, மாநிலம் தாண்டி ஜாப் ஒர்க்குக்கு (நம் சரக்கில் வெளியே வேலை செய்து வாங்க) அனுப்பும்போது கிடையாது. நூறு பீஸ் போனாலும் இ-வே பில் போட வேண்டும். போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்தாக வேண்டும், டெலிவரி சலான் கணக்கு நேராக இருக்க வேண்டும், ஐ.டி.சி.-04 (ஜாப் ஒர்க் சரக்குக் கணக்குப் படிவம்) தாக்கல் செய்ய வேண்டும். இதெல்லாம் பெரிய தடை ஒன்றும் கிடையாது, பழகியவர்களுக்குத் தினசரி வேலைதான். ஆனால் நாளைக்கு 160 பீஸ் பிளேட்டிங் போய் வர வேண்டும் என்றால், வண்டி தினமும் போகுமா, வாரம் இருமுறை போகுமா, அதற்கு நடுவில் எத்தனை பீஸ் வழியில் கிடக்கும், மெஷின் செய்த பீஸ் துருப்பிடிக்காமல் எப்படி வைப்பது என்று பார்க்காமல் லீட் டைம் (ஆர்டரிலிருந்து டெலிவரி வரை ஆகும் காலம்) சொல்ல முடியாது. மழைக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய்க்குள் இரும்பைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

லீவும் அப்படித்தான். ஓணத்துக்கு உங்கள் ஷாப் ஆட்கள் ஊருக்குப் போவார்கள், விஷுவுக்குப் போவார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோயம்புத்தூர் பிளேட்டர் ஷட்டரை இறக்கிவிடுவார். வட மாநிலத் தொழிலாளர்கள் ஹோலிக்கும் சட் பூஜைக்கும் கிளம்புவார்கள். ஓசூர் பார்ட்டிக்கு இந்தப் பக்கத்து நாட்காட்டி தெரியாது, அவர் லைன் ஓணத்தன்றும் ஓடும். மாதம் 25 நாள் என்ற கணக்கு எந்தெந்த மாதத்தில் உடைகிறது என்று பார்த்து, அந்த மாதங்களுக்கு முன்கூட்டியே ஸ்டாக் கட்ட வேண்டும். அந்த ஸ்டாக்குக்கும் பணம் வேண்டும்.

பணம் என்று சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். மெட்டீரியலை முன்பணம் கொடுத்து வாங்கி, பிளேட்டருக்கு மாதா மாதம் கொடுத்து, பார்ட்டியிடம் தொண்ணூறு நாள் கழித்து வாங்கினால் மூன்று மாதச் சரக்கை உங்கள் காசில் ஓட்டுகிறீர்கள். பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ.டி. சட்டம் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். ஆர்டர் வந்த பிறகு கேட்டால் பேரம்தான் மிஞ்சும்.

யார் உட்கார வேண்டும் என்றும் கேட்பீர்கள். பல துறை ஆட்கள் என்றதும் பெரிய கம்பெனி மாதிரி எட்டுப் பேர் வேண்டியதில்லை. உங்கள் ஷாப்பில் நாலு தொப்பியை இரண்டு பேர் போட்டிருப்பீர்கள், அது பரவாயில்லை. உற்பத்தி, தரம், வாங்குதல், விலை, இந்த நாலு பார்வையும் வந்தால் போதும். ஆனால் மெஷினை ஜாப்புக்கு அமைக்கும் செட்டரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். போன வருடம் மெல்லிய சுவர் பார்ட்டை சக்கில் பிடித்தபோது போர் முட்டை வடிவமானது அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். அது எந்த ஃபைலிலும் இருக்காது. பிளேட்டரிடமும் ட்ராயிங்கை அனுப்பி, "இந்த போரில் எத்தனை மைக்ரான் நிற்கும்?" என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் "ஆகும் சார், அனுப்புங்க" என்று சொன்னதை வைத்து வாக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்விகளுக்கு ஃபார்ம் தேடி அலைய வேண்டாம். வாகனத் தொழிலின் ஏ.பி.க்யூ.பி. (தரத்தை முன்கூட்டியே திட்டமிடும் முறை) கையேட்டில் டீம் ஃபீஸிபிலிட்டி கமிட்மெண்ட் என்று ஒரு தாள் பல வருடமாக இருக்கிறது. பொருள் சரியாக வரையறுக்கப்பட்டிருக்கிறதா, டாலரன்ஸில் செய்ய முடியுமா, புராசஸ் திறன் வருமா, எண்ணிக்கைக்கு மெஷின் இருக்கிறதா, மெஷினுக்கோ டூலுக்கோ வழக்கத்துக்கு மாறான செலவு இல்லாமல் ஆகுமா என்று வரிசையாகக் கேட்கும். எனக்கு அதில் பிடித்தது கடைசியில் வரும் மூன்று முடிவுகள். அப்படியே செய்யலாம், மாற்றம் செய்தால் செய்யலாம், டிசைன் மாறாமல் செய்ய முடியாது. நம் ஊரில் நடுவில் இருக்கும் முடிவை யாரும் தொடுவதில்லை. ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுகிறோம். புது ஜாப்களில் பெரும்பாலும் உண்மை அந்த நடு வரியில்தான் இருக்கும்.

அந்த நடு வரிதான் உங்கள் மூன்று நாள் சிக்கலுக்கும் வழி. மூன்று நாளில் எல்லாம் தெரிந்துகொள்ள முடியாது என்பது நியாயம். முதல் நாளே சந்தேகங்களைக் கேள்வியாக அனுப்புங்கள். மூன்றாம் நாள் பதில் வராவிட்டாலும் விலை கொடுக்கலாம், ஆனால் எந்த அனுமானத்தில் கொடுத்தீர்கள் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். இப்படி எழுதலாம்: "இந்த விலை, 25 எச் 7 போர் அளவு பிளேட்டிங்குக்கு முன்பு எடுக்கப்படும் என்ற அடிப்படையில். பிளேட்டிங்குக்குப் பிறகு என்றால் ஹோனிங்கும் ஏர் கேஜும் தேவை; விலை தனி. தற்போதைய மெஷின் வசதியில் மாதம் 1200 பீஸ் வரை; 4000-க்கு, ஆர்டர் உறுதியான பிறகு புது மெஷின் நிறுவும் காலம் தேவை." பின் பக்கத்தில் பொடி எழுத்தில் போடும் பொது நிபந்தனையில் இதை ஒளிக்காதீர்கள். பர்ச்சேஸ்காரர் விலையை ஒப்பிடும் தாளில் இது ஏற வேண்டும். அதுவும் முடியாது, இன்றைக்கே ஒரு நம்பர் வேண்டும் என்கிறார்களா? "உத்தேச விலை, ஆர்டர் போடுவதற்கு அல்ல" என்று தலைப்பில் எழுதிக் கொடுங்கள்.

நிபந்தனை போட்டால் ஆர்டர் போய்விடுமே என்ற பயம் புரிகிறது. சில போகும். கண்ணை மூடிக்கொண்டு குறைத்துப் போட்டவருக்குப் போகும். அவர் சாம்பிளில் மாட்டிக்கொண்ட பிறகு அதே ட்ராயிங் மறுபடி உங்களிடம் வருவதும் உண்டு. அப்போது உங்களிடம் பழைய ஃபீஸிபிலிட்டி தாள் தயாராக இருக்கும். கிடைக்காத ஆர்டரின் தாளையும் தூக்கிப் போடாதீர்கள் என்பது இதனால்தான். அடுத்த ஃபிளேஞ்சுக்கு அதுவே முதல் பக்கம்.

விலைக்கு முன்பு பார்த்தாகிவிட்டது என்பதால் பி.ஓ. வரும்போது கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. அப்போது வேலை வேறு: ஒப்பிடுவது. கொட்டேஷனை இடது கையிலும் பி.ஓ.வை வலது கையிலும் வைத்து ரிவிஷன் எண், எண்ணிக்கை, தேதி, பேக்கிங், பேமெண்ட், நீங்கள் எழுதிய அனுமானங்கள் ஒவ்வொன்றையும் பாருங்கள். ரிவிஷன் ஏ-வுக்கு விலை கொடுத்து ரிவிஷன் சி-க்கு பி.ஓ. வருவது சாதாரணம். ஏற்பு என்பது முழுமையானதாக, நிபந்தனை இல்லாததாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றத்தோடு வந்த பி.ஓ. உங்கள் கொட்டேஷனை ஏற்றதாகாது, அது அவருடைய எதிர் முன்மொழிவு. ஆனால் நீங்கள் ஒன்றும் பேசாமல் மெட்டீரியலை வெட்ட ஆரம்பித்தால் அவர் நிபந்தனையை ஏற்றுக்கொண்டதாகவே பார்க்கப்படும் வாய்ப்பு அதிகம். ஆர்டர் ஏற்புக் கடிதம் அனுப்பும் முன்பே வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது. பீஸைப் பிடிக்கும் ஃபிக்ஸ்சருக்கும் மெஷினுக்கும் பணம் போடும் முன்பு, முடிந்தால் சொந்த மெட்டீரியலில் ஒரு சிறு லாட் ஓட்டிப் பாருங்கள். முப்பது பீஸ் தொடர்ச்சியாக போர் செய்து, பிளேட்டிங்குக்கு முன்பும் பின்பும் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு அளந்தால், பிளேட்டர் சொன்ன தடிமன் போருக்குள் உண்மையில் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஐ.ஏ.டி.எஃப். பிரிவும் இப்படி ஓட்டிப் பார்த்து உறுதி செய்வதை நல்லது என்று பரிந்துரைக்கிறது. கேட்கும் வேகத்தில் ஓடுகிறதா என்பதையும் அதிலேயே பார்த்துவிடலாம்.

பிறகு ஜாப் ஓட ஆரம்பித்து ஒரு வருடம் கழித்து "சின்ன மாற்றம்தான்" என்று மெயிலில் புது ட்ராயிங் வரும். பிளேட்டிங்கில் ஹெக்ஸாவேலண்ட் பாஸிவேஷனை (துத்தநாகத்துக்கு மேல் போடும் குரோமியப் பாதுகாப்புப் படலம்) எடுத்துவிட்டு ட்ரைவேலண்ட் போடச் சொல்லியிருப்பார்கள், அல்லது 4000 என்பது 7000 ஆகியிருக்கும். பிளேட்டரை நீங்களே மாற்ற நினைத்தாலும் அது மாறிய புராசஸ்தான். அங்கேயும் அதே வரிசை: முதலில் தாளை எடுத்து மாறிய வரிகளை மட்டும் மறுபடி பார்ப்பது, செட்டரையும் பிளேட்டரையும் கேட்பது, விலையும் தேதியும் மாறினால் எழுதி அனுப்புவது, அதற்கு அப்புறம்தான் "சரி" என்று பதில் போடுவது.